மைனர் 1000 வோட்டர் பம்ப் ஒழுக்கு: சிலிகோனா, கடதாசி கேஸ்கட்டா?

வெள்ளவத்தை மைனர்:
அப்பா வைத்திருந்த 1959 மொரிஸ் மைனர் 1000 கார், 948 சிசி என்ஜின். வோட்டர் பம்பும் புளொக்கும் சேருற இடத்தில தண்ணி கசியுது. காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளைக்கு ஊர்ந்து போனால் கால் போத்தல் குறையுது. இரண்டு மாதத்துக்கு முன்னம்தான் கராஜ் பாஸ் ஒருவர் பம்பைக் கழட்டி, இடையில வைக்கிற கடதாசி கேஸ்கட் இல்லாமல் வெறும் சிலிகோன் பசை பூசிப் பூட்டினவர். திரும்பவும் அதையே செய்யலாமோ?

சில்லுக்காரன்:
செய்யுங்கோ, ஆனா ஒழுங்காச் செய்யுங்கோ. இவ்வளவு பழைய பம்ப் முகம், புளொக்கோட ஒட்டுற பக்கம், துரு தின்று குழி குழியாக் கிடக்கும். அந்தக் குழியைக் கடதாசி நிரப்பாது, சிலிகோன்தான் நிரப்பும். உங்கட பாஸ் பூசின கையோட தண்ணி விட்டிருப்பார். ஒரு இரவு காய விடவேணும். என்ர ஒஸ்ரின் காருக்கு நாலு வருஷமாச் சிலிகோன்தான், ஒரு சொட்டும் இல்லை.

பழைய இரும்பு:
தம்பி, வேண்டாம். போல்ட் இறுக்கேக்க வெளியில பிதுங்கிற அளவு உள்ளுக்கும் பிதுங்கும். வெளியில வந்ததைத் துணியால துடைக்கலாம். உள்ளுக்குப் போனது பிய்ஞ்சு ரேடியேட்டர் குழாயில அடைச்சுக்கொண்டு நிக்கும். கொழும்பு வெயிலில, அதுவும் நெரிசலில, பாதி அடைபட்ட ரேடியேட்டரோட என்ன செய்வீங்கள்?

அதைவிட, ஒழுகிறது கேஸ்கட்தான் எண்டு யார் சொன்னது? இந்த என்ஜினில பம்புக்கு மேலயும் ஹெட்டுக்குக் கீழயும் நடுவில ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருக்கு. அது வெடிச்சா தண்ணி பம்ப் முகத்தால வழிஞ்சு இறங்கும், பாக்கிறவனுக்குக் கேஸ்கட் ஒழுக்கு மாதிரியே தெரியும். பம்பின்ர அடியிலயும் ஒரு சின்ன ஓட்டை இருக்கு. உள் சீல் தேய்ஞ்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகாமல் வெளிய வரத்தான் அது. அதால சொட்டினா பம்பே முடிஞ்சுது, கேஸ்கட் மாத்தி வேலையில்லை. அந்த ஓட்டையை அடைக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். மனம் கொதிக்கும்.

ஓடுற என்ஜினில பாக்காதேங்கோ, ஃபான் காத்து தண்ணியை எல்லாப் பக்கமும் அடிக்கும். என்ஜின் ஆறின பிறகு எல்லாத்தையும் துடைச்சு, முகப்பவுடர் தூவி, ரேடியேட்டர் வாயில பிரஷர் டெஸ்டரைப் பூட்டி 7 இறாத்தல் (psi) அழுத்தம் வரைக்கும் காத்து அடியுங்கோ. உங்கட ரேடியேட்டர் மூடியின்ர அளவும் அதுதான், அதுக்கு மேல வேண்டாம். பவுடரில தண்ணி கோடு போட்டுக் காட்டும்.

சில்லுக்காரன்:
ஹோஸ் கதை சரி, அதை ஏற்கிறன். ஆனா முகத்தில குழி இருந்தா என்ன செய்யிறது? அதுக்கு நீங்கள் பதில் சொல்லேல்லை.

பழைய இரும்பு:
தடிச்ச கண்ணாடியில எமரி தாளை விரிச்சு, பம்ப் முகத்தை எட்டுப் போடுற மாதிரித் தேயுங்கோ. புளொக் பக்கம் பழைய பசையை மட்டும் சுரண்டுங்கோ. பிறகு கடதாசி கேஸ்கட், இரண்டு பக்கமும் மெல்லிசாக் கிரீஸ். நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கவேணும். தேய்ச்சும் போகாத ஆழக் குழியெண்டா வேற பம்ப் பாக்கவேணும்.

சில்லுக்காரன்:
இந்தக் காலத்தில நல்ல பம்ப் என்ன விலை? குழி இருக்கிற இடத்தில மட்டும் கடதாசிக்கு மேல ஒரு நூல் அளவு சிலிகோன் வைக்கிறதில ஒரு பிழையும் இல்லை. நான் அப்பிடித்தான் சொல்லுவன்.

வெள்ளவத்தை மைனர்:
நேற்று டெஸ்டர் இரவல் வாங்கிப் பார்த்தன். கோடு மேலயிருந்துதான் வருது, பைபாஸ் ஹோஸ் ஒரு பக்கம் பிளந்திருக்கு. எண்டாலும் ரேடியேட்டரையும் பம்பையும் கழட்டினன். உள்விளிம்பில சிலிகோன் வால் மாதிரித் தொங்குது. குழி இரண்டு இருக்கு, ஆழமில்லை, தேய்ச்சுப் பாக்கிறன். நாளைக்குப் பஞ்சிகாவத்தையில ஹோஸ் தேடப் போறன்.

பழைய இரும்பு:
மடிப்பு மடிப்பா இருக்கிற ஹோஸ் கேளுங்கோ. பம்பைப் பூட்டேக்கயே அதையும் சேர்த்துப் பூட்டுங்கோ, பிறகு கை போகாது. டைனமோவும் அந்தப் பம்பிலதான் தொங்குது. பெல்ட் அரை அங்குலம் ஆடவேணும், அதுக்கு மேல இறுக்கினா பேரிங் தாங்காது.