இங்கிலாந்துல பழைய கார்: துருப்பிடிச்ச டிஸ்க்கும் டீலர் கை விரிக்கிற வாரண்டியும்

குன்னூர்ல இருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் புள்ளைங்களும் இதையேதான் கேக்குறாங்க. நானும் அங்க பல வருஷம் வண்டி ஓட்டிட்டு ஊர் திரும்பினவன்ங்கிறதால, எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடுறேன்.

நவம்பர்ல டீலர்கிட்ட அஞ்சு வயசு ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோட கரண்டு மோட்டாரும் இருக்கிற வண்டி) வாங்கியிருக்காங்க. பிப்ரவரியில சர்வீஸுக்கு விட்டா, பின்பக்க பிரேக் டிஸ்க் (சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டு) ரெண்டையும் துரு தின்னுடுச்சு, மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. டீலரோ, டிஸ்க்கும் அதை அமுக்கிப் பிடிக்கிற பேடும் தேய்மானச் சாமான், வாரண்டியில வராதுங்கிறார். ஊர்ல இருக்கிற அப்பா, கேத்தி கேரட்டை லாரியில மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியே தலை நரைச்சவர். "மூணு மாசத்துல டிஸ்க் போகுமா? உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க"ன்னு போன்ல சத்தம் போடுறார்.

அப்பா சொல்றது நம்ம ரோட்டுக்கு சரி. இங்க பிரேக் உழைச்சுதான் சாகும். ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியர்ல இறங்காம பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா பாதி வழியிலேயே லைனிங் கருகுற வாடை அடிக்கும். ஆடி மழையில ஒரு வாரம் நின்ன வண்டிக்கும் டிஸ்க் செம்பட்டை ஆகத்தான் செய்யும். டிஸ்க்குங்கிறது வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி ஈரமே போதும். ஆனா முதல் இறக்கத்துலயே பேட் அதை வழிச்சு எடுத்துடும்.

அங்க பிரேக் சும்மா இருந்தே சாகும். குளிர்காலத்துல ரோடு உறையாம இருக்க உப்பைத் தூவுறாங்க, அந்த உப்புத்தண்ணி சக்கரத்துக்குள்ள எல்லா இடுக்கிலும் ஏறுது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியில வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறதால, பேட் டிஸ்க்கைத் தொடுறதே கம்மி. பின்சக்கரத்துக்கு எப்பவுமே பிரேக் வேலை குறைவு வேற. ஃபோக்ஸ்வேகன் ஐடி.3, ஐடி.4 வண்டிகள்ல பின்னாடி பழைய காலத்து, மூடி மாதிரி உள்ளடங்கின டிரம் பிரேக்கே போட்டிருக்காங்க, இந்தத் துருத் தொல்லையும் அதுக்கு ஒரு காரணம். இதோட, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல சமதரையில கொஞ்ச தூரம் ஓடி, மிச்ச நேரம் மழையில நிக்கிற வண்டின்னா கேக்கவே வேணாம்.

வாங்கும்போது சக்கரத்துக்கு வெளியே நின்னு பாத்தா டிஸ்க் பளபளன்னுதான் தெரியும். கெடுறது பெரும்பாலும் உள்முகம். போன்ல டார்ச்சைப் போட்டு, கையை சக்கரத்துக்குப் பின்னால நீட்டி ஒரு வீடியோ எடுங்க. மெல்லிசா செம்பட்டைப் படலம் இருந்தா விடுங்க. செதில் செதிலா உரியுதா, குழி விழுந்திருக்கா, பேட் உரசுற பளபள வளையம் நடுவுல ஒரு பட்டையா மட்டும் சுருங்கி ரெண்டு ஓரமும் துரு கட்டியிருக்கா, அங்கதான் யோசிக்கணும். ஒரு பக்கம் மட்டும் மோசமா இருந்தா பேடை அமுக்குற காலிப்பர் இறுகியிருக்கலாம். அதைச் சரி பண்ணாம டிஸ்க்கை மட்டும் மாத்தினா மறுபடியும் அதே கதைதான்.

இனி பணம். டீலர் குடுக்கிற வாரண்டி ஒரு தனி ஒப்பந்தம். அதுல டிஸ்க், பேட், துரு மூணையும் பொதுவா விலக்கியே வெச்சிருப்பாங்க, அதைப் பிடிச்சு சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல. மெயில் எழுதும்போது வாரண்டிங்கிற பேச்சையே எடுக்காதீங்க. 2015-ம் வருஷத்து கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் பேரைச் சொல்லி எழுதுங்க. விலை, வயசு, ஓடின மைலுக்கு ஏத்த தரம் வண்டியில இருந்தாகணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. 30 நாளுக்குள்ள குறையைக் காட்டினா வண்டியைத் திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கேக்கலாம். அது தாண்டி ஆறு மாசத்துக்குள்ளன்னா, குறை விக்கும்போதே இருந்ததாத்தான் கணக்கு, இல்லைன்னு டீலர்தான் நிரூபிக்கணும். ரிப்பேர் பண்ண ஒரு வாய்ப்பு அவருக்கு உண்டு. அதுலயும் சரியாகலைன்னா விலையைக் குறைக்கச் சொல்லலாம், இல்ல திருப்பிக் குடுக்கலாம். திருப்பிக் குடுத்தா ஓட்டின மைலுக்குக் கொஞ்சம் கழிச்சுக்குவாங்க.

ஆனா இது வெறும் தேய்மானமில்ல, குறைதான்னு காட்ட வேண்டியது நீங்க. நம்ம ஆளுங்க கோட்டை விடுறது இங்கதான். கோபத்துல பக்கத்து கராஜ்ல டிஸ்க்கை மாத்திட்டு பில்லை மட்டும் அனுப்புவாங்க. டீலர், "எனக்குக் காட்டவே இல்லையே"ன்னு முடிச்சுடுவார். முதல்ல அவருக்கு எழுத்துல சொல்லுங்க. உள்முகத்தையும் படம் எடுத்து வைங்க. மாத்தினாலும் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வீட்டுல போடுங்க. அரசாங்க வெப்சைட்டுல நம்பர் பிளேட்டைத் தட்டினா வருஷா வருஷம் வண்டிக்கு நடக்கிற எம்.ஓ.டி. தகுதிப் பரிசோதனையோட பழைய முடிவு எல்லாமே இலவசமா வரும். டிஸ்க்ல குழின்னு போன வருஷமே குறிப்பு இருந்தா, வேற சாட்சி பெருசா தேவைப்படாது. குறிப்பே இல்லைன்னாலும் மனசு விட வேணாம், எம்.ஓ.டி.ல சக்கரத்தைக் கழட்டிப் பாக்கிறதில்ல. ஏஏ, ஆர்ஏசி மாதிரி வண்டி உதவிக் கம்பெனி ஆளை வெச்சு ஒரு ரிப்போர்ட் வாங்குங்க. காசு ஆகும், ஆனா டீலர் தொனி மாறும்.

முன்பணத்தையாவது கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா, வண்டி விலை 100 பவுண்டுக்கு மேல, 30,000-க்குள்ள இருந்தா, கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் செக்ஷன் 75-படி கார்டு கம்பெனிகிட்டயும் கேக்கலாம். டெபிட் கார்டுக்கு இது கிடையாது. ஃபைனான்ஸ்ல வாங்கியிருந்தா ஃபைனான்ஸ் கம்பெனிக்கே எழுதுங்க. வண்டித் தகராறைத் தீர்த்து வைக்கிற மோட்டார் ஆம்புட்ஸ்மன் அமைப்புல டீலர் உறுப்பினரான்னும் பாருங்க, அங்க புகார் குடுக்க நமக்குக் காசு இல்ல. விலை மலிவுன்னு தனி ஆள்கிட்ட வாங்கினவங்களுக்கு இந்தக் கவசம் பெருசா இல்ல, சொன்னபடி வண்டி இருந்துச்சாங்கிறதோட சரி. கனடா போனவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க. உப்பு அங்கயும் உண்டு, சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேற.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஒரு மாசம் லீவு போட்டு ஊருக்கு வர்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உப்பு கொட்டுற மாசமும் அதுதான். கிளம்புற அன்னிக்கு டிஸ்க் காயுற மாதிரி ஒரு ஓட்டம் ஓட்டிட்டு, வீட்டு வளாகத்துக்குள்ள சமதரைன்னா ஹேண்ட் பிரேக் போடாம, கியர்ல (ஆட்டோமேட்டிக்னா P-ல) விட்டு, நம்ம ஊர் வழக்கப்படி டயருக்கு முட்டுக் குடுத்துடுங்க. இழுத்து விட்டுட்டு வந்தா பேடும் டிஸ்க்கும் ஒட்டிக்கும். தெருவுல நிறுத்தினா மட்டும் இந்த வேலை வேணாம், அங்க ஹேண்ட் பிரேக் போட்டே ஆகணும்.

தங்கச்சி, உங்களுக்கு ஆறு மாசம் முடிய இன்னும் டைம் இருக்கு. டீலருக்கு இன்னிக்கே மெயில் போடுங்க. பதில் வந்ததும் இங்க சொல்லுங்க, அடுத்த கடிதத்தை நான் பாத்துத் தர்றேன்.