மாரிப்போசா நீதிமன்றம்: மலையில் கிடைத்த பொன் யாருக்கு?

கேள்வி (பெருந்துறையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது, யோசெமிட்டி செல்லும் வழியில், மாரிப்போசா என்னும் பழைய தங்கச் சுரங்க ஊரில் வெள்ளையடித்த மர நீதிமன்றம் ஒன்றைப் பார்த்தோம். 1854-இல் கட்டியதாம், இன்றும் அங்கே வழக்கு நடக்கிறது. அதன் வரலாறு தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் (திருச்செங்கோட்டிலிருந்து):
தச்சு வேலைக் குடும்பம் என்பதால் நான் அங்கே கோபுரத்தைவிட மரச்சட்டங்களைத்தான் நெடுநேரம் பார்த்தேன். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பலகைகள் கையால் இழைத்தவை. மணிக்கூண்டுக் கடிகாரம் 1866-இல், தென் அமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் வந்தது.

பதில் (கோவை, வழக்கறிஞர்):
அய்யா, கட்டடத்தைக் காட்டிலும் அங்கே நடந்த வழக்கே பெரிது. அமெரிக்கப் படை அதிகாரியும் நாடாய்வாளருமான ஜான் ஃப்ரீமான்ட் 1847-இல் 3,000 டாலருக்கு இந்த மாரிப்போசாப் பகுதியில் வாங்கிய மெக்சிகோ காலத்து மானிய நிலத்துக்கு நிலையான எல்லையே கிடையாது. பெரிய பரப்புக்குள் ஏறத்தாழ 44,000 ஏக்கரைப் பிற்பாடு அளந்துகொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. பொன் கிடைத்ததும் அந்த எல்லை மேய்ச்சல் நிலத்தை விட்டு மலைக்கு ஏறியது. அங்கே ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்தவர் நிலத்தில் நிற்பவர்களாகிவிட்டார்கள். (நம் பக்கம் இப்படி ஒரு பத்திரம் வந்தால் சர்வேயர் ஊருக்குள் கால் வைக்க முடியாது.) ஃப்ரீமான்டிடம் குத்தகை எடுத்த பிடில் பாக்ஸ், மெர்சிட் மைனிங் கம்பெனி என்னும் சுரங்கக் கம்பெனிமீது அந்த நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், முதலில் கம்பெனிக்குச் சாதகமாகி, மறுவிசாரணையில் 1859-இல் புரண்டது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியின்றிப் பொன் தோண்டப் புகும் உரிமை எவருக்கும் இல்லை என்று நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் தீர்ப்பெழுதினார். அந்தப் பொன்னே நிலத்துக்காரருக்குச் சொந்தமா என்பது 1861-இல் வேறொரு வழக்கில்தான் தீர்ந்தது; அதிலும் நிலத்துக்காரரே வென்றார்.

பதில் (காங்கயத்திலிருந்து):
இதைப் படித்ததும் எங்கள் படியூர் நினைவு வந்தது. 1819-20-இல் அங்கே தோண்டிய சுரங்கத்தில் 2,196 நீலப்பச்சை ரத்தினக் கற்கள் (அக்வாமரைன்) எடுத்தார்கள். இன்றும் மழை ஓய்ந்த மறுநாள் உழவுக்காட்டில் குனிந்த தலையோடு கல் தேடி நடப்பவர்கள் உண்டு. வேலியோரம் நின்று அவர்களை விரட்டுவதே எங்கள் அப்பாருக்கு வேலையாக இருந்தது. அவரை ஏய்த்து மடியில் கட்டிக்கொண்டு போன கல் யாருடையது என்று கேட்க, நாங்கள் ஒரு நாளும் கோர்ட்டுக்குப் போனதில்லை.