அப்டேட்: அஞ்சு பிள்ளைங்க, வீட்லயே படிப்பு

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, பெரியவளுக்குக் கணக்கு சொல்லித்தர உக்காந்தா ரெண்டு வயசுக் குட்டி வந்து நோட்டைக் கிழிக்கிறான்னு, அதோட அப்டேட். டைம்டேபிளைத் தூக்கிப் போட்டாச்சு. இட்லிக்கு அரிசி நாலு டம்ளர் உளுந்து ஒண்ணுன்னு பிள்ளைங்களே அளந்து ஊறப்போடுறாங்க, விகிதம் அதுலயே வந்துருச்சு, குட்டிக்கு ஒரு காலி டம்ளர் குடுத்தா போதும்.

மத்தியானம் அவன் தூங்குறப்ப பல்லாங்குழி, 14 குழிக்கும் அஞ்சஞ்சு புளியங்கொட்டை போட்டா 70, நடுவுலவனுக்கு அஞ்சாம் வாய்ப்பாடு இப்பதான் ஏறுது (குட்டி முழிச்சா கொட்டையெல்லாம் பரண்ல, ஒருதடவை மூக்குல போட்டுட்டான்).

பத்தாவதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டீங்கள்ல, என்ஐஓஎஸ்ல (ஸ்கூலுக்குப் போகாமலே பத்தாவது எழுதுற மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) 14 வயசு ஆனா சேரலாம், பெரியவளுக்கு இன்னும் 4 வருஷம் கெடக்கு. மாமியார்தான் ஸ்கூல் ஃபார்ம் வாங்கியாச்சான்னு இன்னும் கேட்டுட்டே இருக்காங்க.