பிவிண்டி காட்டுக்கு போலாமா, மனசு ஒப்பல

மலைப்பாதை:
உகாண்டால பிவிண்டி காட்டுல கொரில்லா பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பெர்மிட்டே 800 டாலர், பக்கத்துல நிக்க விடுறது ஒரே ஒரு மணி நேரம். ஆனா 1991ல அதை தேசியப் பூங்கா ஆக்குனப்போ அங்கயே காலங்காலமா இருந்த பட்வா மக்களை வெளியேத்திட்டாங்கன்னு படிச்சதுலருந்து ஒரு மாதிரியா இருக்கு. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

ஓடைக்கல்:
நான் பிவிண்டியோட ருஷாகா பக்கமா போனேன். பனியுகத்தையே தாண்டி வந்த காடுன்னு சொல்றாங்க, ஒரே செங்குத்து, செடியப் புடிச்சு ஏறுனா அதுவும் முள்ளு. எட்டு பேருக்கு மேல ஒரு கொரில்லா குடும்பத்துகிட்ட விடமாட்டாங்க. பெரிய ஆண் ஒண்ணு தண்ட உரிச்சு உரிச்சு தின்னுட்டே தொண்டைக்குள்ள ஒரு உறுமல் விட்டுச்சு, நான் பயந்துட்டேன், கைடு கூலா அதே மாதிரி உறுமி பதில் சொன்னாரு, "நாங்க நல்லவங்கதான்"னு அர்த்தமாம் 😄

வெட்னரி:
மாஸ்க் போட சொல்லுவாங்க, அலுத்துக்காதீங்க, நம்ம நோய் அதுங்களுக்கும் ஒட்டும். 1996ல அங்க ஒரு கொரில்லா குடும்பத்துக்கே சிரங்கு வந்து குட்டி ஒண்ணு செத்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல காவலுக்கு நட்ட பொம்மைக்கு மாட்டுன பழைய துணிலருந்து ஒட்டுனதா இருக்கும்னு நினைச்சாங்க. அப்போ உகாண்டா பூங்காக்களுக்கு மிருக டாக்டரா இருந்த கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா, ஊர்ஜனம் ஆரோக்கியமா இல்லாம கொரில்லாவ மட்டும் காப்பாத்த முடியாதுன்னு பின்னாடி தனி அமைப்பே ஆரம்பிச்சாங்க.

தேன்கூடு:
காசு கணக்கு கேட்டா கோவம்தான் வரும். ஒரு பெர்மிட்டுல சுத்துப்பட்டு ஊருங்களுக்குன்னு ஒதுக்குறது 10 டாலர். வாழைத் தண்டுக்காக கொரில்லா தோட்டத்துல எறங்குது, நஷ்டப்படுறது அந்த விவசாயி. பட்வாவுக்கு அதுகூட இல்ல, நிலம் இருந்தாதானே பயிரு. தேன் எடுத்து வேட்டையாடி பொழச்சவங்க, இப்ப அடுத்தவன் வயல்ல கூலிக்கு போறாங்க. அவங்களுக்கு நியாயமான நஷ்டஈடு தரலன்னு 2021ல உகாண்டா கோர்ட்டே சொல்லிருச்சு. அதுக்காக போகாதீங்கன்னு சொல்லல, 2018 கணக்குல அந்தப் பக்கம் 459 கொரில்லா இருந்துச்சு, டூரிஸ்ட் காசு இல்லாம அது நடந்திருக்காது.

மலைப்பாதை:
போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பட்வா ஆளுங்களே காட்டை சுத்திக் காட்டுற டூர் இருக்காமே, அந்தக் காசாச்சும் அவங்க கைக்கு போகுதா?

தேன்கூடு:
யார் நடத்துறாங்கங்கறத பொறுத்து. புக் பண்ணும்போதே நேரா கேட்டுருங்க, மழுப்புனா விட்டுருங்க.

ஓடைக்கல்:
கூடவே தடிமனா ஒரு கையுறை எடுத்துக்கோங்க, அந்த முள்ளு இன்னும் ஞாபகம் இருக்கு.