மறு: சட்டக் கல்வியில் கட்சிக்காரராக வந்து அமர்பவருக்கு ஒரு சொல்

வணக்கம். சட்ட மாணவர்கள் நேர்காணல் பழகுவதற்காக, வழக்கறிஞரை நாடி வரும் கட்சிக்காரராக நடிப்பவரை (simulated client) தமிழில் எப்படி அழைப்பது என்பதுதானே இந்த இழையின் கேள்வி.

> "போலிக் கட்சிக்காரர்" போதுமே. எளிது, சட்டென்று புரியும்.

புரியும், தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. இலக்கணத்தில் போலி நல்ல சொல். சட்டத்திலோ போலிப் பத்திரம், போலிக் கையெழுத்து, போலி வழக்கறிஞர் என்று எல்லாமே குற்றத்தின் பக்கம் நிற்கின்றன. அந்த வரிசையில் இவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு பருவம் நானே இந்த வேலையைச் செய்திருக்கிறேன். கையில் ஒரு கதைத்தாள் கொடுப்பார்கள். எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்லலாம், எதை நம்பிக்கை வந்த பிறகே சொல்லலாம் என்று அதில் வகுத்திருக்கும். என் கதையில் நான் சகோதரருடன் சொத்துத் தகராறு என்று வருவேன். முன்பே ஒரு விடுதலைப் பத்திரத்தில், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டதை மறைப்பேன். குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்ட மாணவரிடம் "நினைவில்லை" என்றேன். இன்னொருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள்" என்றார். ஐந்தே நிமிடத்தில் பத்திரம் வெளியே வந்துவிட்டது. கதை புனைந்தது, அவர் காதுகொடுத்துக் கேட்டது மெய். நாம் தேடும் சொல் அந்த மெய்யைக் கெடுக்கக் கூடாது.

> "பாவனைக் கட்சிக்காரர்"?

எனக்கும் முதலில் தோன்றியது இதுதான். ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். அங்குள்ள மாணவர் இதைப் படித்துத் திகைப்பார். "மாதிரிக் கட்சிக்காரர்" என்றால், எல்லோரும் பின்பற்றத்தக்க கட்சிக்காரர் என்ற பொருளும் வந்துவிடுகிறது. "நிகர்" மெய்நிகருக்கு (virtual) போய்விட்டது.

என் முன்மொழிவு: புனைகட்சிக்காரர். புனைபெயரை யாரும் பொய்ப்பெயர் என்பதில்லை. புனைகதையை யாரும் மோசடி என்பதில்லை. வேண்டுமென்றே, ஒரு நோக்கத்தோடு உருவாக்கியது என்ற பொருள் "புனை"யில் ஏற்கெனவே இருக்கிறது.

மருத்துவத்திலும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி மாணவர்களைச் சோதித்தார். அவர் வைத்த பெயர் "நிரல்படுத்திய நோயாளி" என்ற பொருள்படும். பெயர் பிறகு இரண்டு முறை மாறியது. கடைசியாக நிலைத்த பெயர் (standardized patient) நடிப்பைச் சொல்லவில்லை, எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி அமைவதைச் சொன்னது. சட்டத்துக்கும் அதே வேறுபாடு தேவை. வகுப்பில் ஒரு நண்பர் கட்சிக்காரராக உட்கார்ந்தால் அவர் புனைகட்சிக்காரர். பயிற்சி பெற்று, நூறு பேருக்கும் அதே கதையை அதே அளவில் சொல்லி, மதிப்பெண்ணும் இடுபவர் வேறு. கிளாஸ்கோவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, இப்படிப்பட்டவர்களின் மதிப்பீட்டைத் தேர்வுக்கே நம்பலாம் என்று காட்டியது. இன்று இங்கிலாந்து, வேல்ஸில் சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞராவதற்கான தகுதித் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 25 நிமிட நேர்காணல் உண்டு. கட்சிக்காரராக அமர்பவரே மதிப்பெண் போடுகிறார். சட்ட அறிவுக்கு அல்ல, நடத்திய திறனுக்கு.

இவரை "ஒருசீர்ப் புனைகட்சிக்காரர்" எனலாம். "தரப்படுத்திய" என்றால் உயர்வு தாழ்வு நினைவுக்கு வருகிறது; இங்கே வேண்டியது மாறாமை.

> உயில் எழுத வருபவருக்கு எதிர்க்கட்சியே இல்லையே, அவர் எப்படிக் கட்சிக்காரர்?

நியாயமான கேள்வி. ஆனாலும் வழக்கறிஞர்கள் வாயில் அவரும் கட்சிக்காரர்தான். "வாடிக்கையாளர்" என்றால் கடை நினைவு வரும். புழங்கும் சொல்லை மாற்றுவது இந்த இழையின் வேலை அல்ல என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும்: புனைபெயர் போல இதுவும் வினைத்தொகை, எனவே ஒற்று மிகாது. "புனைக்கட்சிக்காரர்" என்று சொற்பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். "ஒருசீர்" சற்றுக் கரடுமுரடாகத் தெரிந்தால் மாற்றுச் சொல் தாருங்கள், மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கிறேன். "போலி"யை மட்டும் ஏற்க மாட்டேன்.