புதுப்பிப்பு: ஏசி கம்ப்ரசர் மாற்றியாயிற்று

என் ஏசியில் எரிந்துபோன 1 டன் கம்ப்ரசருக்குப் பதிலாக, மெக்கானிக்கின் கையிருப்பில் உள்ள 1.5 டன் கம்ப்ரசரைப் பொருத்தலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கடைசியில் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் உறுதியாக மறுத்துவிட்டேன். காயில்களும், குளிரூட்டும் வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கேப்பிலரி குழாயும் 1 டன்னுக்கு அளவெடுத்தவை. பெரிய கம்ப்ரசரின் இழுப்புக்கு அவை ஈடுகொடுக்காது. உள்காயிலில் பனி படிந்து, ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்கே திரும்பினால் புதியதும் போய்விடும்.

அதே திறனில், என் ஏசியில் உள்ள ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயுவுக்கே உரிய கம்ப்ரசர் கிடைத்தது. ஆர்-22 என்ற பழைய வகை வாயுவுக்கானதைத் தொடவே இல்லை: ஆர்-32இன் அழுத்தம் அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, எண்ணெயும் வேறு. கம்ப்ரசர் மோட்டார் ஓட உதவும் பழைய கெபாசிட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதிய கம்ப்ரசரின் லேபிளில் வேறு மைக்ரோஃபாரட் மதிப்பு (கெபாசிட்டரின் அளவு) இருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். மோட்டார் சுருள் எரிந்தால் எண்ணெயில் அமிலம் சேரும். ஆகவே குழாய்களைக் கழுவி, நைட்ரஜன் செலுத்தி, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரையும் புதிதாகப் போட்டோம். குழாய்களில் இருந்த காற்றை உறிஞ்சியெடுத்து, வெற்றிடம் நிலைத்து நின்ற பிறகே வாயு ஏற்றினோம், அதுவும் தராசில் எடைபோட்டு.

அறை சீராகக் குளிர்கிறது. மின்னோட்டமும் லேபிளில் உள்ள அளவைத் தாண்டவில்லை. கடும் வெயிலில் மீண்டும் அளந்துவிட்டு எழுதுகிறேன்.