தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம், சக்கர நாற்காலி வாங்கலாமா?

அறக்கட்டளை செயலாளர், தென்காசி

வணக்கம். எங்கள் ஊர் அறக்கட்டளையின் பட்டியலில் இப்போது 14 பேர் இருக்கிறார்கள். 11 பேருக்குத் தண்டுவடக் காயம் (பனை ஏறி விழுந்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக் விபத்து). 3 பேருக்குத் தலைக்காயம். எல்லோரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள். கமிட்டியில் பலரும், ஒரே அளவில் 14 சக்கர நாற்காலி மொத்தமாக வாங்கி விழா வைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ, திருச்சி

செயலாளர் சார், மொத்தமாக வாங்காதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 18 அங்குல இருக்கை கொண்ட மடக்கு நாற்காலி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிப் போவதற்கான பொருள் அது. 14 அங்குல இடுப்பு அகலமுள்ளவர் அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் சரிவார், முதுகெலும்பு வளையும், வால் எலும்பில் புண் வரும்.

ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அளக்க வேண்டும். இடுப்பின் அகலத்தோடு ஒரு அங்குலம் கூட்டினால் இருக்கையின் அகலம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 அங்குலம் கழித்தால் ஆழம். கால்பலகை தரையிலிருந்து குறைந்தது 2 அங்குலம் மேலே இருக்கட்டும். கைப்பிடி கழற்ற வருவதாகவும், கால்பலகை பக்கவாட்டில் விலகுவதாகவும் பாருங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறவே முடியாது, ஒவ்வொரு முறையும் ஆள் தூக்க வேண்டும்.

மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுக்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள டயர் மாதிரியான காற்று வளையம் வேண்டாம். விளிம்பு அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் போவதைக் குறைத்துவிடும். காற்றறை மெத்தை வாங்கினால், ஆளை உட்காரவைத்து, உட்காரும் எலும்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் இடையே அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் இருக்க வேண்டும். "நல்லா இருக்கட்டும்" என்று கல் மாதிரி காற்றடித்துக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வீட்டு வாசலையும் அளங்கள். ஒரு அடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கதவு 32 அங்குலம் திறக்காவிட்டால் புது நாற்காலி திண்ணையிலேயே கிடக்கும்.

மறுவாழ்வு செவிலியர்

பிசியோ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வருடத்தில் ஆளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது சிறுநீரும் படுக்கைப் புண்ணும்தான். பணத்தை முதலில் அங்கே வையுங்கள்.

விட்டு விட்டு டியூப் போட்டு சிறுநீர் எடுப்பவருக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவையில் 500 மில்லியைத் தாண்டுகிறது என்றால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு நாளைக்கு 5 தடவை என்றால் மாதம் 150 தடவை. புது டியூப் வாங்க வசதியில்லாமல் பலர் ஒன்றையே வாரக்கணக்கில் கழுவிப் போடுகிறார்கள், அல்லது டியூப் தீர்ந்ததும் எடுப்பதையே குறைக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பி நிரம்பி சிறுநீர் மேலே ஏறி, கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. மாதாமாதம் டியூப்பும் ஜெல்லியும் வீடு போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம். ஆண்களுக்குப் பொதுவாக 12 அல்லது 14 நம்பர் டியூப். ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

புண்ணுக்கு: படுக்கையில் 2 மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ 2 நிமிடம் இருக்க வேண்டும். கையை ஊன்றி நாலைந்து நொடி எழும்புவது போதாது, ரத்தம் திரும்பி வர நேரம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று கொடுங்கள், காலையும் இரவும் பின்புறத்தைத் தாங்களே பார்க்கட்டும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தில் பாரமே படக்கூடாது.

இன்னொன்றை உங்கள் தொண்டர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மார்புப் பகுதித் தண்டுவடத்தின் 6-வது மட்டத்திலோ (சீட்டில் T6 என்றிருக்கும்) அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்த ஏற்றம் வந்தால் அது அவசரம். அவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாகவே 100-க்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் 140 கூட ஆபத்து. படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்து மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இறங்கவில்லையென்றால் 108.

அறக்கட்டளை செயலாளர், தென்காசி

ரொம்ப நன்றி. ஏர் பெட் எல்லோருக்கும் கொடுக்கலாமா? தலைக்காயம் பட்ட 3 பேருக்கு என்ன தேவைப்படும்?

மறுவாழ்வு செவிலியர்

ஏற்கெனவே புண் உள்ளவர்களுக்கும், தானாகத் திரும்ப முடியாதவர்களுக்கும் மட்டும். கரண்ட் போனால் காற்று இறங்கி, பலகையில் படுத்த மாதிரி ஆகிவிடும். ஏர் பெட் இருக்கிறது என்று திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் கூடாது.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

தலைக்காயத்தில் கை கால் நன்றாக இருக்கும், ஆனால் ஞாபகம், கோபம், களைப்பு மூன்றும் வீட்டையே உலுக்கும். "வேணும்னே பண்றான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மனைவியோ அம்மாவோ 24 மணி நேரமும் பக்கத்திலேயே இருந்து உடைந்துபோவார்கள். வாரத்தில் இரண்டு நாள், நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு ஆளை அமர்த்துங்கள். பொருள் எதுவும் அதற்கு ஈடாகாது.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், முடிந்த பின்னும் அரை மணி நேரம் அப்படியே. தண்ணீர் குடித்ததும் இருமலோ, குரலில் கரகரப்போ வந்தால் நுரையீரலுக்குள் போகிறது. பரிசோதிக்கும் வரை வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் கூட்டிப் போங்கள். வலிப்பு மாத்திரைக்குக் காசில்லாமல் ஒரு நாள் கூட விடக்கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். இந்த மூன்று பேரின் மாத்திரைச் செலவை உங்கள் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள்.

சமூகப் பணியாளர்

அரசு தருவதை அரசிடமே வாங்கிக் கொடுங்கள், உங்கள் காசு மிஞ்சும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முதல் படி. தண்டுவடக் காயத்துக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மின்கல நாற்காலியையும் அங்கேதான் கேட்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனிப் பெயரில் இல்லை. அதனால் பேச்சு போயிருந்தால் பேச்சு-மொழிக் குறைபாடு, கை கால் பாதித்திருந்தால் இயக்கக் குறைபாடு என்று எழுதிக் கேட்க வேண்டும். முதல்வர் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், மாதாந்தர டியூப்புக்கு உதவாது.

சாலை விபத்து என்றால் இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வண்டி நிற்காமல் போயிருந்தாலும் கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு.

தென்காசி என்பதால் இதையும் சொல்கிறேன். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது, தண்டுவடக் காயத்துக்கென்றே மறுவாழ்வுப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நாற்காலி வாங்கும் முன் 11 பேரையும் அங்கே காட்டுங்கள். போக்குவரத்துச் செலவையும், கூடப் போகிறவரின் அன்றைய கூலியையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுபரிசோதனைக்குப் போகாமல் நிற்பது அந்தக் காசுக்காகத்தான்.